எது மாதிரியும் இல்லை

பதினோரு மணிக்கு இரண்டாவது பரிசோதனை என்று சொல்லியிருந்தார்கள். இப்போது மணி பத்து நாற்பது. பவுலின் தன் அறையில் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, கீழே ஆம்புலன்ஸ்கள் நிற்கிற இடத்தில் ஒரு பெண் தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்த இடத்திலும் எண்ணெய் வைக்கத் தோன்றுகிறது பார் என்று நினைத்தாள். நினைத்ததுமே, அதில் என்ன தப்பு, தலை காயத்தானே செய்யும் என்றும் நினைத்தாள். அவள் அறைக் கதவில் உறுப்பு தான ஒருங்கிணைப்பாளர் என்று எழுதியிருந்தது. வார்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பேசுற மேடம் என்பார்கள். அவள் வேலை பேசுவதுதான். விபத்தில் அடிபட்டு, மூளைச்சாவு என்று டாக்டர்கள் முடிவு செய்துவிட்ட ஒருவரின் வீட்டாரிடம் போய், இவர் இனி இல்லை என்பதைப் புரியவைப்பது. புரிந்த பிறகு, அவர்களுக்குத் திராணி இருந்தால், இவருடைய உறுப்புகளை வேறு யாருக்காவது கொடுப்பீர்களா என்று கேட்பது. ஏழு வருடமாகச் செய்கிறாள். முதலாவதுதான் கஷ்டம். இரண்டாவதற்கு உண்டு அல்லது இல்லை என்று ஒரு பதில் வந்துவிடும். முதலாவதற்கு, நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிற, தொட்டால் சூடாக இருக்கிற ஓர் ஆளைக் காட்டி, இவர் செத்துவிட்டார் என்று சொல்லியாக வேண்டும். அதை எப்படிச் சொல்வது? எதையாவது போல என்றுதான் சொல்ல முடியும். பவுலின் அப்படித்தான் சொல்லி வந்தாள். நன்றாகச் சொல்வாள் என்று பேரும் வாங்கியிருந்தாள். போன ஆடி மாதம் பாப்பாத்தி என்கிற அந்த அம்மாள் திரும்பி வந்து இதே மேஜைக்கு எதிரில் உட்காரும்வரை.

பாப்பாத்தியை இப்போது நினைக்க வேண்டாம் என்று மேஜை மேலிருந்த காகிதத்தைக் கையில் எடுத்தாள். பெரியண்ணன், வயது முப்பத்தேழு, மினி பஸ் டிரைவர், துறையூர் பக்கம். முந்தாநாள் சாயங்காலம் டூட்டி முடிந்து பைக்கில் வீட்டுக்குப் போனவர், குறுக்கே ஓடிய நாய்க்காகப் பிரேக் அடித்திருக்கிறார். ஹெல்மெட் பைக்கின் கண்ணாடியில் மாட்டியிருந்தது. தலையில் விழுந்த அடியையும் முழங்கைச் சிராய்ப்பையும் தவிர உடம்பில் வேறு காயம் கிடையாது. நாய் பிழைத்துக்கொண்டது என்று அவருடைய மச்சான் மருதை நேற்று இரண்டு தடவை சொன்னான், அந்த நாயை ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்பது போல. அதிகாலை ஐந்து மணிக்கு முதல் பரிசோதனை நடந்தது. ஆறு மணி நேரம் கழித்து அதையே திரும்பச் செய்து, அதே முடிவு வந்தால்தான் மூளைச்சாவு என்று எழுதுவார்கள். அப்படி எழுதும்போது, இரண்டாவது பரிசோதனை முடிந்த நேரத்தையே இறந்த நேரமாகப் போடுவார்கள். அப்படியானால் இந்த ஆறு மணி நேரம் அந்த ஆள் என்னவாக இருக்கிறார்? ஐந்து மணிக்கே செத்தவரா, பதினொன்றுக்குச் சாகப்போகிறவரா? இந்தக் கேள்வி அவளுக்கு முதல் ஆறு வருடம் வந்ததே இல்லை. இப்போது ஒவ்வொரு முறையும் வருகிறது. ஒன்பது மணிக்கு அவர் கட்டிலைக் கடந்து போகும்போது அவர் மனைவி தேன்மொழி ஈரத்துணியால் அவர் கால் விரல்களுக்கு இடையில் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு விரலாக. பவுலின் நடையை மெதுவாக்காமல் போய்விட்டாள். போகிற போக்கிலேயே மனசு தன் வேலையைத் தொடங்கிவிட்டது. டிரைவர். மினி பஸ். பஸ் ஓரமாக நிற்கிறது, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, லைட் எரிகிறது, டிரைவர் சீட்டில் ஆள் இல்லை. டிரைவர் இறங்கிப் போய்விட்டார் அம்மா. எவ்வளவு பொருத்தமாக வந்து விழுகிறது. அந்தப் பெண்ணுக்கு ஒரு நொடியில் புரிந்துவிடும். பதினைந்து வருடமாக அவர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததையும் இறங்கியதையும் பார்த்தவள். பவுலினுக்கு அந்தப் பொருத்தமே பயமாக இருந்தது. டிரைவர் இறங்கினால் என்ன செய்வார்? டீ குடிக்கப் போவார். குடித்துவிட்டுத் திரும்பி வருவார். என்ஜினை ஓடவிட்டுப் போகிறவன் திரும்பி வருவதற்காகத்தானே ஓடவிடுகிறான்.

இந்தப் பழக்கம் பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்டது. இந்த வேலைக்கு வருமுன் பதினோரு வருடம் அவள் உயிரியல் டீச்சர். இதயம் ஒரு மோட்டார், ரத்தக் குழாய் பைப்லைன், சிறுநீரகம் டீ வடிகட்டி, வெள்ளையணுக்கள் எல்லைக் காவல். பிள்ளைகள் கொட்டக் கொட்டப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு பையன் பரீட்சையில் சிறுநீரகம் என்பது ஒரு டீ வடிகட்டி ஆகும் என்று எழுதி, அதற்குப் படமும் வரைந்து, பிடி வைத்து, கீழே டம்ளரும் வைத்திருந்தான். ஆசிரியர் அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஒரு மார்க் கூடப் போட்டாள். அவன் வடிகட்டியைப் பிடித்துக்கொண்டு சிறுநீரகத்தை விட்டுவிட்டான் என்பதைப் பற்றி அப்போது யோசிக்கவில்லை. இப்போது அந்த டம்ளர் அடிக்கடி ஞாபகம் வருகிறது. தெரியாத ஒன்றைச் சொல்ல, தெரிந்த ஒன்றைக் கையில் கொடுக்கிறோம். கேட்டவர்கள் தெரிந்ததை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். வீட்டில் வைத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். அதற்குள் நாம் சொல்லாததெல்லாம் இருக்கிறது. பிடி இருக்கிறது, டம்ளர் இருக்கிறது. அவள் அந்தப் பரீட்சைத் தாளைத் திருத்தின நாளில் யாராவது வந்து, ஏன் டீச்சர், வடிகட்டி ஓட்டையானால் புதுசு வாங்கலாமே என்று கேட்டிருந்தால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பாள். சிறுநீரகம் புதுசாக வைக்கத்தானே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். அந்த உதாரணம் பலித்தது. ஒன்று பலித்துவிட்டால் எல்லாம் பலிக்கும் என்று தோன்றிவிடுகிறது.

பாப்பாத்தியின் மகன் இளவரசனுக்கு இருபத்திரண்டு வயது. மாசி மாதத்தில் கொண்டுவந்தார்கள். புருஷன் இல்லாத பெண், ஒரே பிள்ளை, முசிறிக்கு அந்தப் பக்கம் ஏதோ ஓர் ஊரில் வாழைத்தோட்ட வேலை. அவளுக்கு மூளைச்சாவு என்ற சொல்லே பிடிபடவில்லை. மூளை செத்தா மத்தது உசுரோடதானே இருக்கு, மூளைக்கு வைத்தியம் பாருங்க என்றாள். பவுலின் அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா, மரத்துலேர்ந்து ஒரு கிளையை ஒடிச்சுப் போட்டுட்டாங்கன்னு வைங்க. ரெண்டு நாளைக்கு இலையெல்லாம் பச்சையாத்தான் இருக்கும். தொட்டா குளுகுளுன்னு இருக்கும். ஆனா அது மரத்தை விட்டுப் போச்சு. இனிமே காயத்தான் செய்யும்." பாப்பாத்தி ரொம்ப நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி என்றாள். சம்மதப் படிவத்தில் கட்டைவிரல் ரேகையும் வைத்தாள். இளவரசனின் உறுப்புகளால் ஐந்து பேர் பிழைத்தார்கள். அது பொய்யில்லை, ஐந்து பேர். ஆறாம் மாதம், ஆடியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பாப்பாத்தி வந்து இந்த மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தாள். கோபம் எதுவும் இல்லை. மஞ்சள் பையிலிருந்து இரண்டு சீப்பு வாழைப்பழம் எடுத்து மேஜை மேல் வைத்தாள். எப்படி இருக்கீங்கம்மா என்று கேட்டதற்கு, இருக்கேன் என்றாள். பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "ஏம்மா, ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன்" என்றாள். "காத்துல எங்க வீட்டு முருங்கை ஒடிஞ்சு விழுந்துச்சு. ஒரு கொம்பை வெட்டிக் கொல்லையில சும்மா ஊனி வெச்சேன். சாணியை அப்பி வெச்சேன், அவ்வளவுதான். பத்து நாள் மொட்டையா நின்னுச்சு. இப்ப தளிர் விட்டிருக்கு." பவுலினுக்கு அவள் எங்கே வருகிறாள் என்று தெரிந்துவிட்டது. தெரிந்தும் தடுக்க முடியவில்லை. "நாம கொஞ்சம் பொறுத்திருக்கலாமாம்மா?" என்று பாப்பாத்தி கேட்டாள். அது வேறம்மா, இது வேற என்று பவுலின் சொன்னாள். மனுஷ உடம்பு அப்படியில்லை என்றாள். பாப்பாத்தி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீங்கதானே கிளைன்னு சொன்னீங்க" என்றாள். குரலில் ஒரு குற்றச்சாட்டும் இல்லை, வகுப்பில் புரியாததைக் கேட்கிற பிள்ளை மாதிரி. பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனாள். அந்தப் பழங்கள் மேஜையிலேயே கறுத்தன. தூக்கிப்போட பவுலினால் முடியவில்லை, கூட்டுகிற அம்மாள்தான் நாலாம் நாள் எடுத்துப் போனாள்.

மணி பத்து ஐம்பத்தைந்து. மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கிளைக்குப் பிறகு அவள் மின்விசிறியைத்தான் எடுத்துக்கொண்டாள். சுவிட்சை அணைத்த பிறகும் விசிறி கொஞ்ச நேரம் சுற்றும் இல்லையா. ஐப்பசியில் ஒரு குடும்பத்திடம் அதைச் சொன்னபோது, சுவிட்சைத் திரும்பப் போடலாமே என்று அவர்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பதற்கு முன்பே அவளுக்கு அது காதில் விழுந்துவிட்டது, பேச்சு பாதியில் நின்றுவிட்டது. விளக்கு என்றால் திரி போட்டு ஏற்றலாம். கிணறு வற்றினால் மழை வரும். வீடு என்றால், குடியிருந்தவர் காலி பண்ணிவிட்டார் என்றால், எங்கேயோ வேறு வீட்டில் இருக்கிறார் என்றாகிறது. உடைந்த பானை? பானைக்கு மூச்சு கிடையாது, அது எப்போதுமே செத்ததுதான். இரவும் பகலும் தேடிப் பார்த்துவிட்டாள், பஸ்ஸில், சமையலறையில், பல் தேய்க்கும்போது. உலகத்தில் ஒரு பொருள்கூட ஒழுங்காகச் சாக மாட்டேன் என்கிறது. எதை எடுத்தாலும் அதன் ஒரு மூலையில் ஒரு தளிர் எட்டிப் பார்க்கிறது. ஒரு நாள் குக்கர் விசில் அடங்குவதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்று, சோறு குழைந்துபோயிற்று. இதைவிட மோசமானது ஒன்று உண்டு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இளவரசனை அறுவை அரங்குக்குத் தள்ளிக்கொண்டு போனபோது அவள் கூடவே நடந்து போனாள், வழக்கம்தான் அது. லிஃப்ட் வாசலில் சக்கரம் தடுக்கியபோது அவன் சுண்டுவிரல் போர்வைக்கு வெளியே துள்ளியது. முதுகுத்தண்டின் வேலை, மூளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவளுக்கு நன்றாகவே தெரியும். அவளே எத்தனையோ பேருக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அது அவளை ஒன்றும் செய்யவில்லை. பாப்பாத்தி வந்துபோன பிறகுதான் அந்த விரல் வர ஆரம்பித்தது. பாத்திரம் கழுவும்போது வரும். இப்போதுகூட, மேஜை மேலிருந்த பேனாவைக் காற்று உருட்டியதும் அவள் கை தானாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

அப்பா முதலில் ஒரு கதை சொன்னார், அதிலிருந்துதான் எல்லாம் என்று சில சமயம் தோன்றும். அவளுக்கு ஆறு வயதில் அம்மா மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். அம்மா வேளாங்கண்ணிக்குப் போயிருக்கா என்று அப்பா சொன்னார். பெட்டியில் வைத்து மூடியதைப் பார்த்தவள் பவுலின். மண் விழுந்த சத்தத்தைக் கேட்டவள். இருந்தும் அந்தக் கதையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தம்பி அந்தோணிக்கு அப்போது மூன்று வயது; அம்மா எங்கே என்று அவன் அழும்போதெல்லாம் அவள்தான் சொல்வாள். அப்பா சொன்னது ஒரு வரி. அவள் அதில் பஸ் வைத்தாள், பஸ்ஸுக்குப் பச்சை நிறம் அடித்தாள், அம்மாவை ஜன்னலோரம் உட்காரவைத்தாள், மடியில் பொரி உருண்டை வைத்தாள். சாயங்காலம் நாலரை மணி பஸ்ஸுக்குத் தம்பியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் நிற்பாள். ஜன்னல் ஜன்னலாகப் பார்ப்பார்கள். இன்றைக்குக் கூட்டம், அதனால் அம்மா அடுத்த பஸ்ஸில் வருவாள் என்பாள். சொல்லும்போது அவளுக்கே நிஜமாக இருக்கும். அம்மாவின் முழங்கை ஜன்னல் கம்பியில் படிந்திருப்பது தெரியும். அது பொய் என்று அவளுக்குத் தெரியும், தெரிந்த இடமும் நம்பிய இடமும் வேறு வேறாக இருந்தன. எத்தனை மாதம் நின்றார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்பது ஞாபகமில்லை. யாரும் வந்து அம்மா செத்துப்போய்விட்டாள் என்று சொல்லவே இல்லை. அந்தக் கதை முடியாமலே விட்டுப்போயிற்று. அந்தோணி இப்போது கோயமுத்தூரில் இருக்கிறான், நாற்பது வயது, தலை நரைத்துவிட்டது. போன கிறிஸ்துமஸுக்குப் போனில் பேசும்போது, "அக்கா, உன்னாலதான் இன்னும் பஸ்ஸு போனா ஜன்னலைப் பாத்துத் தொலைக்கிறேன்" என்று சொல்லிச் சிரித்தான். அவளும் சிரித்தாள். போனை வைத்த பிறகு அடுப்பை அணைக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். ஆனால் அந்தக் கதை இல்லாவிட்டால் அந்த மூன்று வயசுப் பிள்ளை எப்படித் தூங்கியிருக்கும்? அதையும் யோசிக்க வேண்டும். ராத்திரி அவன் அவள் வயிற்றில் தலையை வைத்து, பஸ்ஸு சொல்லு, பஸ்ஸு சொல்லு என்பான். சொல்லி முடிக்குமுன் மூச்சு சீராகிவிடும். ஒரு பிடிமானமும் இல்லாத இடத்தில் மனுஷன் எதையாவது பிடித்துக்கொள்ளத்தானே வேண்டும். மாதிரி என்ற சொல்லை எடுத்துவிட்டால் அவளிடம் பேசுவதற்கு என்ன மிஞ்சும்? பாப்பாத்திக்கும் கிளை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? உங்க பிள்ளை செத்துட்டான் என்றா? அந்தச் சொல்லை எடுக்கத்தான் பயம். அம்மாவுக்கு எடுக்காத சொல்லை வேறு யாருக்கும் எடுக்க வாய் வராமல்தான் மரத்தையும் விசிறியையும் பஸ்ஸையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாளோ என்னவோ. தயை என்று ஏழு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தது தன் பயமாகவும் இருந்திருக்கலாம் என்று நினைத்தபோது அவளுக்குக் காது மடல் சுட்டது.

இந்நேரம் உள்ளே மூச்சுப் பரிசோதனை நடந்துகொண்டிருக்கும். மெஷினைக் கழற்றிவிட்டு, குழாயில் ஆக்ஸிஜனை மட்டும் விட்டு, நெஞ்சின் மேலிருக்கிற துணியை விலக்கிவிட்டு, நாலு டாக்டர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். எட்டு நிமிஷம், பத்து நிமிஷம். தானாக ஒரு மூச்சு, ஒரே ஒரு மூச்சு வருகிறதா என்று. அந்த அறையில் அப்போது இருக்கிற அமைதியை அவள் ஒரு தடவை கேட்டிருக்கிறாள், அதன் பிறகு உள்ளே போவதில்லை. படித்த நாலு பேர் ஒரு நெஞ்சையே பார்த்துக்கொண்டு நிற்பது. வந்துவிட்டால் நல்லது என்று அவர்களில் யாராவது நினைப்பார்களா? எல்லோருமே நினைப்பார்கள். கதவு தட்டப்பட்டது. மயக்க மருந்து டாக்டர் ஹபீப் தலையை மட்டும் உள்ளே நீட்டினார். முகக்கவசத்தின் தடம் மூக்கில் பதிந்திருந்தது. "முடிஞ்சது மேடம். பதினொன்னு பதினாலு. மெஷினைத் திரும்ப மாட்டியாச்சு. நீங்க போய்ப் பேசலாம்" என்றவர், போகாமல் நின்றார். "ஃபேமிலி நல்ல டைப்புதான். ஹார்ட் டிஸ்க் போச்சு, திரையில மட்டும் வெளிச்சம் இருக்குன்னு நான் கொஞ்சம் சொல்லி வெச்சிருக்கேன். நீங்க உங்க ஸ்டைல்ல சொல்லிடுங்க." பவுலின் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். "டாக்டர், ஹார்ட் டிஸ்க் போனா மாத்தலாம்ல?" என்று கேட்டாள். அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல், "அது ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானே மேடம்" என்றார்.

பேசுகிற அறை என்று ஒன்று ஐ.சி.யு.வுக்கு எதிரில் இருந்தது. ஒரு மேஜை, நாலு நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி. தேன்மொழி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள், கையில் இன்னும் அந்த ஈரத்துணி. மருதை சுவரில் சாய்ந்து நின்றான். பவுலின் தேன்மொழிக்கு நேர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பஸ் தொண்டைவரை வந்து நின்றது, என்ஜின் ஓட, லைட் எரிய. "மேடம், கை சூடா இருக்கு" என்றாள் தேன்மொழி, அவள் வாயைத் திறக்குமுன். "நேத்தைவிட இன்னிக்கு நல்ல சூடு. நான் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்." பவுலின் அவள் முகத்தைப் பார்த்தாள். "தேன்மொழி, உங்க வீட்டுக்காரர் இறந்துட்டாரு" என்றாள். சொன்ன குரல் தன்னுடையது போலவே இல்லை, கரடுமுரடாக, பழக்கமில்லாத பாஷை பேசுகிறவள் குரல் மாதிரி இருந்தது. "பதினொன்னு பதினாலுக்கு டாக்டருங்க உறுதி பண்ணிட்டாங்க. அவரா மூச்சு விடல. மெஷின் காத்தை உள்ள தள்ளுது, அதனால நெஞ்சு ஏறுது. காத்து போறதுனால இதயம் கொஞ்ச நேரத்துக்கு அடிக்கும், ரத்தம் ஓடும், அதனால கை சூடா இருக்கு. மூளை முழுக்கச் செத்துப்போச்சு. மூளை செத்தா ஆள் செத்தாச்சு. திரும்ப வராது. நாளைக்கும் வராது, பத்து நாள் பொறுத்தாலும் வராது." மருதை சுவரிலிருந்து விலகி, "என்ன மேடம் இப்படிப் பட்டுன்னு சொல்றீங்க" என்றான். அவன் உதடு கோணியது. தேன்மொழி அவனைப் பார்க்கவில்லை. "தூங்குற மாதிரின்னு டாக்டர் நேத்து சொன்னாரே" என்றாள். "இல்ல" என்றாள் பவுலின். "பின்ன, எது மாதிரி?" என்று கேட்டாள் தேன்மொழி. அவளுக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது. பவுலின் கண்ணில் கொம்பும் விசிறியும் வடிகட்டியும் எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தன. "எது மாதிரியும் இல்லம்மா. இறந்துட்டாரு, அவ்வளவுதான்" என்றாள்.

அதன் பிறகு வந்த அழுகையைப் பவுலின் குறுக்கே பேசாமல் உட்கார்ந்து கேட்டாள். தேன்மொழி ஈரத்துணியைக் கடித்துக்கொண்டு அழுதாள். மருதை வெளியே போய்விட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தான். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். தேன்மொழி ஒரு வாய்த் தண்ணீர் குடித்த பிறகு, பவுலின் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டாள். விருப்பமில்லையென்றால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், மெஷினை எடுத்து உடம்பை உங்களிடம் கொடுத்துவிடுவார்கள் என்றும் சொன்னாள். மருதை அதெல்லாம் வேண்டாம் என்றான், அறுத்துக் கூறு போட்டு எடுத்துக்கொண்டு போக மாட்டோம் என்றான். தேன்மொழி ஈரத்துணியை மடித்து மேஜை மேல் வைத்துவிட்டு, "கண்ணை எடுத்தா மூஞ்சி எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். இமையை மூடித் தைத்துவிடுவார்கள், பள்ளம் தெரியாமல் உள்ளே பஞ்சு வைப்பார்கள், தொட்டால் மட்டும் வித்தியாசம் தெரியும் என்று பவுலின் சொன்னாள். "அப்ப கண்ணு வேணாம்" என்றாள் தேன்மொழி. "நான் தொட்டுப் பாப்பேன். மத்தது எது தேவைப்படுதோ எடுத்துக்கங்க. நீ சும்மா இரு அண்ணே. ரோட்டுல யாரு கையைக் காட்டினாலும் பஸ்ஸை நிறுத்துற மனுஷன், ஸ்டாப்பிங் இல்லாத எடத்துலகூட. அதுக்காக எத்தனை தடவை மெமோ வாங்கியிருக்காரு. அவரு வேணாம்னு சொல்ல மாட்டாரு." பவுலின் படிவத்தை எடுத்து வைத்தாள். தேன்மொழி பேனாவை வாங்கவில்லை. "இருங்க. முதல்ல அவருகிட்ட சொல்லிட்டு வந்துடுறேன். அவருகிட்ட சொல்லாம நான் எதுலயும் கையெழுத்துப் போட்டதில்ல."

பவுலினும் அவளோடு உள்ளே போனாள். மெஷின் உஸ்ஸென்று தள்ளியது, நெஞ்சு எழுந்தது, தணிந்தது. தேன்மொழி கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் போய் நின்று, குழாயில் படாமல் குனிந்து, அவர் காதருகே வாயை வைத்தாள். மருதை கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ஏங்க," என்றாள் தேன்மொழி, வீட்டில் அடுத்த அறையிலிருந்து கூப்பிடுகிற குரலில். "நீங்க செத்துப்போயிட்டீங்களாம். இந்த அம்மா சொல்றாங்க. பெரிய டாக்டரும் சொல்றாராம். எனக்கு நெசமான்னு தெரியல. உங்களுக்குத் தெரியுமான்னும் தெரியல, அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்." நெஞ்சு எழுந்தது, தணிந்தது. "கண்ணு மட்டும் வேணாம்னு சொல்லிட்டேன்" என்றாள். பிறகு நிமிர்ந்து, முந்தானையால் அவர் காது மடலைத் துடைத்துவிட்டு, பவுலின் பக்கம் கையை நீட்டினாள். "கொண்டாங்க. எங்க போடணும்?" பவுலின் கையில் படிவமும் பேனாவும் இருந்தன. அவள் கொடுக்கவில்லை. "மேடம்" என்று தேன்மொழி திரும்பவும் கூப்பிட்டாள். பவுலின் அவளைப் பார்க்கவில்லை. கட்டிலில் கிடந்தவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மறுத்து ஏதாவது சொல்வதற்கு ஒரு நிமிஷம் கொடுக்க வேண்டும் என்பதுபோல் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.